திருவிதாங்கூர் ரபியின் கையெழுத்து

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, தேவிகுளம், மூணாறு வழியாக ஏலமலையைக் கடந்து செல்லும் சாலை கொச்சியை அடைகிறது. மலைக்கு அப்பால் உள்ள அந்நிலப்பகுதியில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த யூதரிடையே, புதிய ஏற்பாட்டை எபிரெயத்தில் பெயர்த்து ரபி ஒருவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. ரபிமாரின் கையெழுத்துகளைத் தேடித் தொகுப்போர் அறிய வேண்டிய பாடம் ஒன்று அதில் அடங்கியுள்ளது.

யூதரின் கையெழுத்துச் சுவடிகளை இருவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படும் தோராச் சுருள், தோலின்மேல் சதுர எழுத்துகளால் எழுதப்படுவது. எழுதுவோர் தம் பெயரையோ கருத்தையோ அதில் சேர்த்தல் கூடாது. ரபிமார் தம் உரைகளையும் தீர்ப்புகளையும் கடிதங்களையும் எழுதியதோ சிறிய, விரைவான எழுத்து வடிவில். இங்கே கையெழுத்தே ஆளை அடையாளம் காட்டும். இறுதியில் எழுதப்படும் குறிப்பு காலத்தையும் நோக்கத்தையும் உணர்த்தும்.

கடவுளின் திருநாமம் எழுதப்பட்ட ஏடுகளை அழிக்கலாகாது என்பதால், பழுதுற்றவற்றைத் தனி அறையில் இட்டுவைப்பதும் புதைப்பதும் யூதர் வழக்கம். கெய்ரோ நகர ஜெப ஆலயம் ஒன்றின் அத்தகைய அறையிலிருந்து சாலமோன் ஷெக்டர் 1896–97இல் பெருந்தொகையான ஏட்டுத் துணுக்குகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்தார். மாபெரும் ரபியாகிய மைமோனிதெஸ் (1138–1204) தம் கைப்பட எழுதி, அடித்துத் திருத்திய வரைவுகள் அவற்றுள் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் தொடர்பான கடிதங்களும் கெய்ரோ ஏடுகளில் கிடைத்துள்ளன. பணம் பெற்றுக்கொண்டும் ஒருவர் அனுப்பாமற்போன ஏலக்காயைப் பற்றிய முறையீடு அவற்றில் உண்டு. ஏல வணிகம் அறிந்த நம் மலைச்சரிவு மக்களுக்கு இது வியப்பளிக்காது!

ஷெக்டருக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றிய குருவானவர் கிளாடியஸ் புக்கானன் தென்னாட்டுக்கு வந்தார். 1806–08 ஆண்டுகளில் அவர் கொச்சிப் பகுதி யூதரிடமிருந்து எபிரெயச் சுவடிகள் பலவற்றைப் பெற்றார். அவற்றுள் ஒன்று, சிவப்புச் சாயமேற்றிய 37 ஆட்டுத்தோல்களை இணைத்த, சுமார் 48 அடி நீளமுள்ள தோராச் சுருள். லேவியராகமமும் உபாகமத்தின் பெரும்பகுதியும் அதில் இல்லை. தாமஸ் யேட்ஸ் அதனை அச்சிட்ட எபிரெயப் பாடத்தோடு ஒப்பிட்டு 1812இல் முடிவை வெளியிட்டார். பொருளை மாற்றும் வேறுபாடு எதுவும் அதில் காணப்படவில்லை.

மேற்கூறிய புதிய ஏற்பாட்டுப் பிரதியும் புக்கானன் வழியாகவே கேம்பிரிட்ஜ் சென்றது. அதைப் பற்றி அவர் எழுதியுள்ள செய்தி இது: கற்றறிந்த ரபி ஒருவர் கிறிஸ்தவ மார்க்கத்தை மறுக்கும் நோக்கத்துடனேயே அதை மொழிபெயர்த்தார், முடிவில் அவருடைய உழைப்பே அவருடைய அவிசுவாசத்தை வென்றது. சிங்கத்தின் உடலில் சிம்சோன் தேன் கண்ட நிகழ்ச்சியையும் புக்கானன் இதற்கு ஒப்பிட்டார். பிரசங்கிக்கு இதைவிட இனிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் ஏடு வேறு சொல்கிறது. இம்மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படி ஒன்றில் எபிரெயக் குறிப்பு ஒன்று காணப்படுகிறது. வானத்தைச் சாட்சியாக அழைக்கும் அக்குறிப்பு, நம்புவதற்காக இதனை மொழிபெயர்க்கவில்லை என்றும், அறிந்து விடையளிக்கவே பெயர்த்ததாகவும் கூறி, மெய்யான மேசியா இனி வருவார் என்ற நம்பிக்கையோடு முடிகிறது. பிற்கால ஆய்வாளர் இப்பணியை 18ஆம் நூற்றாண்டினதாகக் கருதி, டச்சுக் கும்பினியோடு வாணிகம் செய்த கொச்சி யூதத் தலைவர் எசெக்கியேல் ராகாபியின் (1694–1771) பெயரோடு இணைக்கின்றனர்.

தொகுப்பவர் கேட்ட கதையும், எழுதியவர் விட்டுச்சென்ற சொல்லும் முரண்படும்போது எதற்கு முதலிடம் அளிப்பது? சொல்லுக்கே என்பதில் ஐயமில்லை. யூதர் ஒருவர் தம் விசுவாசத்தில் நிலைத்து நின்றார் என்பதை மறைத்துப் பேசுவது, ஒன்பதாம் கற்பனையை மீறுவதாகும். அன்றியும், நம் நற்செய்தியை மறுக்க எண்ணியவர் அதை எவ்வளவு உண்மையோடு மொழிபெயர்த்தார் என்பதைப் புக்கானனே பாராட்டியிருக்கிறார். எதிர்ப்போரின் நூலைத் திரிக்காமல் எழுதிய அந்நேர்மை, பிற சமயங்களைக் கற்பிக்கும் நமக்கும் கடமையன்றோ?

1948க்குப்பின் கொச்சி யூதரில் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வேடுகளுக்காக அருகிருந்து பேசுவோர் இன்று மிகச் சிலரே. ஆதலால் ஏட்டைச் சேர்ப்பவர், அது கிடைத்த இடத்தையும், கொடுத்தவரையும், கேட்ட கதையையும் தனித்தனியே குறித்துவைத்தல் வேண்டும். ஏட்டிலுள்ள குறிப்பை ஒரு சொல்லும் விடாது படியெடுத்தல் வேண்டும். ஏலமலைச் சரிவுச் சபைகளில் ஊழியம் செய்வோர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையோ உபதேசியாரின் நாட்குறிப்பையோ கண்டெடுக்கும்போதும் இவ்விதியே பொருந்தும். முதலில் ஏடு பேசட்டும். நம் விளக்கம் அதன் பின்னரே வரட்டும்.