கிளம்ப அடம்பிடிக்கும் கார்ட் எஞ்சின்

கார்ட் எனப்படும் குட்டிப் பந்தய வண்டிகளில் பேர்போன யமஹா கேடி100 எஞ்சின் 97 சிசி சொச்சம். ஒரு காலத்தில் நம் தெருக்களை அதிரவைத்த ஆர்எக்ஸ்100 பைக்கின் எஞ்சின் 98 சிசி. இரண்டுமே டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலையை முடித்துவிடும் இருவீச்சு எஞ்சின்கள். ஆர்எக்ஸை ஒரே உதையில் கிளப்பிப் பழகியவர்கூட கார்ட்டிடம் திணறலாம். காரணம், பெட்ரோல் வந்து சேரும் வழி.

பைக்கில் டேங்க் மேலே இருக்கிறது. பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கிவிடும். கார்ட்டிலோ டேங்க் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே, தரையை ஒட்டிக் கிடக்கிறது. கீழே இருப்பதை மேலே இறைக்க வேண்டும். கேடி100இல் அதற்கென்று மோட்டார் கிடையாது. எஞ்சினே இறைத்துக்கொள்கிறது!

பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியிலுள்ள கிராங்க்கேஸ் என்ற அறையில் உறிஞ்சல் உண்டாகிறது; கீழே வரும்போது அழுத்தம் ஏறுகிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுப்பதும், சிலிண்டருக்குத் தள்ளுவதும் இந்தத் துடிப்புதான். அதே துடிப்பு ஒரு சிறு துளை வழியாகக் கார்புரேட்டருக்குள் போய், தபால்தலை அளவே உள்ள ஒரு மெல்லிய சவ்வை அசைக்கிறது. அந்த அசைவுதான் டேங்கிலிருந்து பெட்ரோலை இறைக்கிறது. தனி வால்வுகூட இல்லை. சவ்விலேயே வெட்டிவிட்ட இரண்டு மடல்கள் திறந்து மூடி அந்த வேலையைப் பார்க்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால் சவ்வு விநாடிக்கு 200 முறை துடிக்கும்.

இந்த உத்தி மரம் அறுக்கும் செயின்சாவிலும் உண்டு. அதை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் பெட்ரோல் வந்தாக வேண்டும் அல்லவா? வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும் கார்ட்டுக்கும் அது பொருந்திப்போனது. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் கார்ட்டில் இருந்தது புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின். 1959இல் மெக்கல்லக் நிறுவனம் தன் செயின்சா எஞ்சினையே மாற்றியமைத்துக் கார்ட்டுக்கென்று விற்றது.

எஞ்சினே பெட்ரோலை இறைத்துக்கொள்ளும் இந்த உத்தியில்தான் சிக்கலும். எஞ்சின் சுழன்றால்தான் பெட்ரோல் ஏறும். பெட்ரோல் ஏறினால்தான் எஞ்சின் சுழலும். நாலு நாள் சும்மா நின்ற கார்ட்டின் குழாய் காலியாக இருக்கலாம். கைதேர்ந்த மெக்கானிக் ஸ்டார்ட்டரைச் சுழற்றியபடி காற்று நுழையும் வாயை உள்ளங்கையால் பொத்துவார். காற்றுக்கு வழியில்லாமல் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் மீது திரும்பும். குழாயில் பெட்ரோல் சரசரவென்று ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஏறியதும் கையை எடுத்துவிட வேண்டும்.

எடுக்கத் தாமதித்தால் கிராங்க்கேஸில் பெட்ரோல் தேங்கி, பிளக் நனைந்துவிடும். எரிவது திரவமல்ல, ஆவி. அதுவும் காற்றில் அது ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால்தான் பற்றும். மிஞ்சினாலும் பற்றாது, குறைந்தாலும் பற்றாது. நனைந்த எஞ்சினுக்கு வைத்தியம் எளிது: இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றி, தேங்கியது வெளியேறும்வரை சுழற்றுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை, கிராங்க்கேஸில் காற்று கசியாமல் இருப்பது. கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல் தேய்ந்தால் துடிப்பு தளரும், கலவையில் காற்று கூடும். பொறி நன்றாக விழுந்தும் உங்கள் கார்ட் கிளம்பவில்லையா? பிளக்கை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். சவ்வு விறைத்திருக்கிறதா, சீல் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.