பட்டறை வீட்டை விட்டுப் போகுது!

எங்க அப்பா தச்சு வேலை செய்பவர். வீட்டில் இருந்த பட்டறையை இந்த மாதம் வாடகை ஷெட்டுக்கு மாற்றுகிறோம். ஏன் தெரியுமா?

1. மரத்தூள்: நைசான தூள் நுரையீரல் வரைக்கும் போகும். இது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் அறிக்கை வெளியிட்டது. எங்க பாட்டிக்கு ஏற்கெனவே இளைப்பு!

2. கரண்ட்: எங்க வீட்டில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். பெரிய இழைப்பு மெஷினுக்கு த்ரீ பேஸ் வேணும்.

3. இடம்: 8 அடி பலகையை அறுக்க, ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேணும்.

ஷெட்டில் எதைப் பார்க்கணும்?

தரை சமமா இருக்கணும். மெஷின் ஆடினால் வெட்டு கோணலாகும். கூரை ஒழுகக் கூடாது. நனைந்த பலகை உப்பும், காயும்போது வளையும்.

முக்கியமானது வாடகைக் கணக்கு. மாதம் 5,200 ரூபாய் என்றால், 26 நாள் வேலைக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய். 13 நாள்தான் வேலை கிடைத்தால்? 400 ரூபாய்! வேலை இல்லாவிட்டாலும் வாடகை நிற்காது. அதனால் இனி கட்டில், நாற்காலி விலையில் இதையும் சேர்க்கணும் என்கிறார் அப்பா.

பார்த்தீர்களா, வகுத்தல் கணக்கு பரீட்சைக்கு மட்டும் இல்லை!

– 8-ஆம் வகுப்பு மாணவி