கொசுத்தேனீயின் பிசினும் அம்மாவின் கால்விரலும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம். நண்பர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சிறு குப்பி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "சார், நீங்கதான் கொசுத்தேனீ வளர்க்கிறீங்களே, இது நல்ல சரக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. சர்க்கரைப் புண்ணுக்குக் கைகண்ட மருந்தாம்" என்றார். மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பலாப்பிசினும் சாம்பிராணியும் கலந்தாற்போன்ற அந்த வாசனையை நான் மறக்க முடியாது. குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் அடுத்த வீட்டு மாஷ்தான் எனக்குத் தேனீயைப் பழக்கினார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முகப்பில் மூங்கில் குழாய், மண்பானை, மரப்பெட்டி என்று வரிசையாகக் கூடுகள் தொங்கும். மலையாளிகள் இதன் தேனைச் செறுதேன் என்பார்கள். எங்கள் நாகர்கோவில் பக்கம் கொசுத்தேன். ஈ சுமார் 4 மில்லிமீட்டர் நீளம்தான். கொடுக்கு குறுகிப்போய்விட்டதால் கொட்டாது. கோபம் வந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். 1854-இல் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் விவரித்த இந்த இனத்துக்கு இன்றைய அறிவியல் பெயர் டெட்ராகொனுலா இரிடிபென்னிஸ். ஒரு பெட்டியில் வருடத்துக்கு அரைக் கிலோ தேன் கிடைத்தாலே அதிகம். அதனால்தான் அந்த விலை!

தேனைவிட எனக்கு வியப்பாக இருந்தது பிசின்தான். மாமரத்திலோ பலாவிலோ காயம்பட்டுப் பால் வடிந்தால் போதும், இவை வந்து சுரண்டி, பின்னங்கால்களில் உருட்டி ஒட்டிக்கொண்டு போகும். அதைத் தம் மெழுகோடு பிசைந்துதான் வாசல் குழாய், முட்டை அறை, தேன் குடம் எல்லாம் கட்டுகின்றன. ஆம், இவற்றின் தேன் அடையில் இல்லை, சின்னச் சின்னக் குடங்களில் இருக்கிறது. சாதாரணத் தேனைவிட இது நீர்த்தது. எளிதில் புளித்துப்போக வேண்டியது. பிசின் சுவர்களுக்கு நடுவில் அது மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து ஈக்கள், கூட்டுக்குள் புகுந்த வண்டுகளை உயிரோடு பிசினால் பூசி அடக்கம் செய்துவிடுவதை 2010-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தப் பிசினைத்தான் ஆங்கிலத்தில் புரோபோலிஸ் என்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அக்கம்பக்கத்தில் என்ன மரம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஐரோப்பியத் தேனீ பாப்லர் மரத்து மொட்டுகளிலிருந்து எடுப்பதால் அங்கே பினோசெம்ப்ரின், கலாஞ்சின் போன்ற ஃபிளேவனாய்டுகள். பிரேசிலின் பச்சைப் பிசினில் ஆர்ட்டெபிலின்-சி. தாய்லாந்தில் கொசுத்தேனீக் கூட்டில் மங்குஸ்தான் பிசினின் ஆல்ஃபா மாங்கோஸ்டின் அகப்பட்டது. இந்தோனேசியப் பிசினில் மாமரத்திலிருந்து வந்த ரெசார்சினால் வகைப் பொருள்கள். மாம்பால் பட்டுச் சிலருக்குத் தோல் வெந்துபோவது இதே வகைப் பொருள்களால்தான். ஆகவே 'புரோபோலிஸ்' என்று ஒட்டிய இரண்டு குப்பிகளில் இருப்பது ஒரே பொருள் என்று நினைக்க வேண்டாம்.

நுண்ணுயிர்களைக் கொல்லுமா? கொல்லும். மேற்கு மகாராஷ்டிர நாட்டு வைத்தியத்தில் வழங்கும் கொசுத்தேனீப் பிசினைப் புனே ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்து, பாக்டீரியாக்களைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று வெளியிட்டார்கள். அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாஷ் கூடு பிரித்தபோது மிஞ்சிய பிசினை வாங்கி, சாராயத்தில் ஊறவைத்து, ஒரு புட்டி நிறைய வைத்துக்கொண்டேன். வெட்டுக்காயத்துக்குப் போட்டால் மேலே மெல்லிய தோல் போலப் படிந்து இரண்டே நாளில் காய்ந்துவிடும். வீட்டில் நான்தான் வைத்தியர்!

2017 ஜூலையில் அம்மாவுக்கு இடது காலின் சுண்டுவிரலில் செருப்பு கடித்துச் சிறு புண். அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. நான் என் புட்டியை எடுத்தேன். தினம் இரண்டு வேளை தடவினேன். மேலே கறுப்பாகப் பொருக்குக் கட்டி நன்றாகவே காய்ந்தது. "ஆறிட்டு மக்கா, வலியே இல்ல" என்றார் அம்மா. வலி இல்லாததுதான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன கால் அது. பத்தாம் நாள் புறங்கால் வரை வீங்கி, நாற்றம் வந்தது. டாக்டர் பொருக்கை நீக்கியதும் அடியில் சீழ். சோதனையில் சூடோமோனாஸ் என்ற கிருமி. எலும்பு வரை போய்விட்டது, சுண்டுவிரலை எடுத்தார்கள்.

நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் பிறகு ஒருநாள் மிச்சமிருந்த புட்டியைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். காகித வில்லைகளை அதில் நனைத்து, கிருமி விதைத்த அகார் தட்டுகளில் வைத்தாள். வெறும் சாராயத்தில் நனைத்த வில்லை ஒன்றும் கூடவே. மறுநாள் தட்டுகளைப் படமெடுத்து வந்து காட்டினாள். ஸ்டஃபிலோகாக்கஸ் தட்டில் பிசின் வில்லையைச் சுற்றி நிலவுக்குப் பரிவேடம் கட்டினாற்போல் தெளிந்த வட்டம். சூடோமோனாஸ் தட்டில் வில்லையின் விளிம்பு வரை கிருமி மண்டிக் கிடந்தது.

அவள் விளக்கினாள். கிராம் நெகட்டிவ் எனப்படும் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. பிசினிலுள்ள பொருள்கள் பலவும் அதைத் தாண்டுவதில்லை. சூடோமோனாஸ், ஈ. கோலை இரண்டும் அந்த வகை. அதோடு, ஆன்டிபயாடிக் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் செய்வதைச் செய்ய இத்தகைய கச்சாச் சாறு பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வேண்டும். அதாவது ஆயிரம் மடங்கு. தட்டில் வில்லைக்கும் கிருமிக்கும் நடுவே ஒன்றுமில்லை. காலில் தோல், சீழ், செத்த சதை, ரத்த ஓட்டம் குறைந்த திசு எல்லாம் இருக்கின்றன. நான் போட்டதோ வாசலை அடைக்கும் பிசின். புண்ணின் வாயை அழகாக அடைத்துவிட்டேன். "அப்பா, பேப்பர்ல தட்டைப் பத்தித்தான் எழுதியிருந்தாங்க. காலைப் பத்தி இல்லை" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

மாஷிடம் இதை நான் வெகுநாள் சொல்லவில்லை. தெரிந்ததும், "ஞான் அறிஞ்ஞில்லல்லோ" என்று கண் கலங்கினார். அவர்மேல் என்ன குற்றம்? என் வீட்டிலும் இப்போது நான்கு பெட்டிகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, துளசி, தெங்கம்பூ என்று ஈக்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அம்மா வெயில் காய்வார். நடையில் லேசான சாய்வு, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை நண்பருக்குப் போன் செய்தேன். புண் யாருக்கு என்று கேட்டேன். அவர் மனைவிக்காம், குதிகாலில். எத்தனை நாளாயிற்று என்றேன். பதினோரு நாள், மேலே காய்ந்துவிட்டது, வலியில்லை என்றார். அரை மணி நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன்.

எலும்பைத் தொடவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அந்தக் குப்பி இன்னும் என் காரில்தான் கிடக்கிறது.