நாய்க்குட்டி வளர்ப்பும் பயிற்சியும்

நாயின் வாலை நிமிர்த்த முடியாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. திருந்தாத மாணவனைக் குறித்தும் சொற்கேளாத மைந்தனைக் குறித்தும் அதனை எடுத்தாளாதார் இலர். நாலடியாரோ நாயனையார் நட்பை யானையனையார் நட்பினும் மேலாக வைத்துப் பேசுகின்றது. இவ்வாறு ஒரே பிராணியை இகழ்ந்தும் புகழ்ந்தும் வந்த தமிழருள், நாய் எங்ஙனம் நல்ல நாயாகின்றது என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குட்டி முற்றத்து மரத்திலே கட்டப்படுகின்றது. இரவில் அழுதால் அடிபடுகின்றது. ஓராண்டு கழிந்து அயல்வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால், அஃது அதன் பிறவிக்குணம் என்று கூறப்பட்டுத் தெருவிலே விடப்படுகின்றது. குற்றம் குட்டியினதா, வளர்த்தவரதா என்பது ஆராயத்தக்கது.

நாய் ஏறத்தாழ 63 நாட்கள் கருவைச் சுமந்து குட்டிகளை ஈனுகின்றது. பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, செவியும் கேளாது. இரண்டாம் வாரத்திலே கண் திறக்கும். மூன்றாம் வாரம் முடிவதற்குள் செவி கேட்கத் தொடங்கும். பாற்பற்களும் அக்காலத்தை ஒட்டியே முளைக்கத் தலைப்படும். உலகம் ஒன்று உண்டு என்பதைக் குட்டி அறிவது அப்பொழுதுதான். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை உள்ள காலமே அதன் வாழ்நாளின் திருப்புமுனை என்னலாம்.

இவ்வுண்மையை ஐயமற நிறுவியவர்கள் ஐக்கிய அமெரிக்காவில், மேயின் மாநிலத்துப் பார் ஹாபர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தார் ஆவர். அங்கே ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து தம் முடிபுகளை 1965 இல் நூலாக வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 1961 இல், பிரீட்மன், கிங், எலியற் என்னும் மூவர் ஒரு பரிசோதனையை அறிவித்திருந்தனர். உயர்ந்த வேலியிட்ட வெளியொன்றிலே, மனிதர் முகம் காணாதபடி குட்டிகள் தாயோடு வளர்க்கப்பட்டன. அவற்றுட் சில இரண்டாம் வாரத்திலும், சில மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களிலும் ஒவ்வொரு கிழமைக்கு மனிதரோடு பழகவிடப்பட்டன. எஞ்சியவை பதினான்காம் வாரம்வரை பழகவிடப்படவேயில்லை. மூன்றாம் வாரத்துக் குட்டிகள் அஞ்சாது அணுகின. ஏழாம் வாரத்துக் குட்டிகள் தொடக்கத்தில் ஒதுங்கி நின்று, ஓரிரு நாட்களின் பின்னரே நெருங்கின. பதினான்கு வாரம் காத்திருந்தவையோ காட்டு விலங்குகளைப் போன்று வெருண்டன. அவற்றுள் ஒன்றினை அதன்பின் மூன்று மாதம் தொடர்ந்து தடவியும் கொஞ்சியும் பார்த்தனர். பெருமாற்றம் எதுவும் நிகழவில்லை. ஆறாம் மாதத்தில் அடித்துத் திருத்தலாம் என்று மூன்றாம் மாதத்தைக் கட்டிலே கழிப்போர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் முறை, முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் ஒல்டன்பேர்க் நகரிலே 1916 இல் தொடங்கியது. 1929 இல் அமெரிக்காவிலும் 1931 இல் இங்கிலாந்திலும் அஃது வேரூன்றிற்று. கலிபோர்ணியாவில் இத்தகைய நாய்களைத் தெரிவதில் ஈடுபட்டிருந்த பாபென்பேகர் என்பவர் ஸ்கொட்டுடன் சேர்ந்து ஆராய்ந்தபொழுது, பன்னிரண்டு வாரத்துக்குப் பின்னும் கொட்டிலிலேயே நீடித்திருந்த குட்டிகள் பிற்காலப் பயிற்சியிலே தோல்வியுறுதல் மிகுதி என்று கண்டனர். நற்குலத்திற் பிறந்திருந்தும் அவை தவறின. ஆதலின் இந்நாய்கள் குட்டிப்பருவத்திலே குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, சந்தை, புகையிரத நிலையம், பஸ் வண்டி, பிள்ளைகளின் கூச்சல் யாவற்றுக்கும் பழக்கப்படுகின்றன.

அவ்வாறாயின் குட்டியைத் தாயிடமிருந்து எத்துணை விரைவிற் பிரித்தல் கூடுமோ அத்துணை நன்று எனக் கொள்ளலாமா? ஆகாது. உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்பொழுதுதான் தன் பல்லின் வலிமையைக் குட்டி உணர்கின்றது. மிகையாகக் கடித்தால் மற்றது கத்தி விலகிவிடும், விளையாட்டு நின்றுவிடும். இப்பாடத்தை மனிதர் கற்பித்தல் அரிது. எட்டு வாரம் நிறைந்தபின் கொண்டுவருதலே தக்கது.

வந்த முதல் இரவு குட்டி அழும். தாயின் வெம்மையை இழந்த குழவி அழாது வேறென் செய்யும்? வீட்டாரின் குரல் கேட்குமிடத்திலே ஒரு சாக்கை விரித்து அதனைப் படுக்கவைத்தால் சில நாட்களில் அமைதியுறும். வீட்டினுள் மலசலங் கழித்தலே பெரும்பாலோர் பொறுமையைச் சோதிப்பது. குட்டியின் சிறுநீர்ப்பை சிறிது. மூன்று மாதக் குட்டி பகலில் மூன்று நான்கு மணிநேரத்துக்கு மேல் அடக்கமாட்டாது. உறங்கி எழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடி முடிந்தவுடனும் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று நின்று, காரியம் முடிந்த அக்கணமே தட்டிக்கொடுத்து ஒரு சிறு தின்பண்டம் அளித்தல் வேண்டும். கழித்து அரைமணி சென்றபின் மூக்கை அதிலே தேய்த்து அடிக்கும் வழக்கம் அறிவின்பாற்பட்டதன்று. அடிக்கும் கையையும் அடியையும் குட்டி தொடர்புபடுத்துமேயன்றி, மறைந்துபோன குற்றத்தையன்று. விளைவு யாதெனில், அது மனிதர் காணாத மூலையைத் தேடிக் கழிக்கக் கற்றுக்கொள்கின்றது. பிரம்பையே நம்பும் வகுப்பறைகளிலும் இவ்வித்தை நன்கு கற்கப்படுவதை ஆசிரியர்கள் அறிவர்.

1904 இல் சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பவ்லோவ், உணவுக்கு முன் வழங்கப்படும் குறிப்புக்கே நாயின் வாய் ஊறுவதைக் காட்டினார். இன்ப விளைவு தரும் செயல் நிலைபெறும் என்பதைத் தோண்டைக் 1898 இல் வெளியிட்ட விலங்காய்வு காட்டிற்று. உளவியலில் மாணவர் மனனஞ் செய்யும் இவ்விரு கொள்கைகளும் குட்டியின் முன்னிலையில் உயிர்பெறுகின்றன. பெயரைச் சொல்லித் திரும்பிப் பார்த்தவுடன் உணவுத்துண்டு அளித்தால், இரண்டொரு நாளில் பெயர் கேட்டமாத்திரத்தே குட்டி ஓடிவரும். ஆனால், அழைத்துவந்து அடித்தால் அழைப்பே அச்சக் குறியாகிவிடும். பாடம் ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது. நாளுக்கு மூன்று முறை போதும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே வழங்குதல் இன்றியமையாதது. தந்தை ‘சிற்’ என்றும், பாட்டி ‘இரு’ என்றும், தமையன் ‘படு’ என்றும் ஏவினால் குட்டி யாருக்குக் கீழ்ப்படியும்? ஆங்கிலம் அறியாதாரும் நாயோடு மட்டும் ஆங்கிலத்திற் பேசும் விந்தை நம்மூரில் உண்டு. நாய்க்கு மொழிப்பற்று இல்லை. சொல் மாறாதிருத்தலே அது வேண்டுவது.

தடுப்பூசி முற்றுப்பெறுமுன் குட்டியைத் தெருநாய்கள் உலவும் நிலத்தில் விடலாகாது. பார்வோ என்னும் வயிற்றோட்ட நோய் குட்டிகளை விரைவிற் கொல்லவல்லது. அதற்காக அறையிற் பூட்டிவைத்தால் பழகும் பருவம் வீணாகும். கையில் ஏந்திச் சென்று மனிதரையும் வாகனங்களையும் காட்டுதலே இச்சிக்கலுக்கு வழி. விசர்நோய்த் தடுப்பூசியை மிருக வைத்தியர் குறிக்கும் நாளிலே தவறாது இடுவித்தல் வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் அந்நோயினின்று மனிதரைக் காப்பது பெரும்பாலும் இயலாததொன்று. வெங்காயம் கலந்த கறிமிச்சமும் சமைத்த கோழியெலும்பும் குட்டிக்கு ஆகா.

நான்கு முதல் ஆறு மாதம்வரை பாற்பல் 28 உம் விழுந்து 42 பற்கள் முளைக்கும். அக்காலத்தே செருப்பும் பாயும் மேசைக்காலும் கடிபடும். கடிக்கத்தக்க தடித்த இறப்பர்ப் பொருளைக் கொடுத்துச் செருப்பை உயரத்தில் வைத்தல் எளிது. அதனையடுத்துக் குட்டி இளமைப் பருவம் எய்துகையில் கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். அழைத்தால் நின்று பார்த்துவிட்டு எதிர்ப்புறம் ஓடும். பலர் நாயைச் சங்கிலியிற் பிணிப்பது இப்பொழுதுதான். பிணிக்காது, நீண்ட கயிறொன்றைக் கழுத்துப்பட்டியில் இணைத்து, முதல் நாட் போலவே பெயரைச் சொல்லிக் கையில் உணவோடு மீண்டும் தொடங்கினால், சில கிழமைகளிற் பழைய பாடம் திரும்பிவிடும்.