டென்ட் யார் நிலத்தில் நிற்கிறது?

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணிக் கல்யாணங்களுக்கான புடவை தறியில் ஓடிக்கொண்டிருந்தாலும், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக் குடும்பங்களுக்கு ரெண்டு நாள் வெளியூர் போய்வர மனசு வருவது அந்த மாதத்தில்தான். சொல்லிவைத்தாற்போல வாட்ஸ்அப்பில் படங்களும் வந்து சேர்கின்றன. பனிமூட்டத்தில் வெள்ளை டென்ட், உள்ளே கட்டில், மெத்தை, மஞ்சள் விளக்கு, வாசலில் மூட்டிய தீ. கிளாம்பிங் என்னும் சொகுசு டென்ட் தங்கல், ட்ரெக்கிங், ஜீப் சவாரி, பார்பிக்யூ எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு. பாதிப் பணத்தை ஜிபே செய்தால் இடம் உறுதி. ஏலகிரி, ஜவ்வாதுமலை என்றால் காஞ்சிபுரத்திலிருந்து காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஊட்டி, மசினகுடி, கொடைக்கானல் என்றால் இரவுப் பயணம்.

ஜரிகையைச் சோதிக்காமல் புடவை வாங்காத ஊர் நம்முடையது. அதே ஊர்க்காரர்கள் இந்தப் படத்தைப் பார்த்து, எதிர்முனையில் பேசுகிறவரின் முழுப்பெயர்கூடத் தெரியாமல் பணம் அனுப்புகிறோம். வெந்நீர் வருமா, வைஃபை உண்டா என்று மட்டும் மறக்காமல் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது வேறு: டென்ட் போட்டிருக்கும் நிலம் யாருடையது? அங்கே ஆட்களைத் தங்கவைக்க யார் அனுமதி தந்தார்கள்?

நீலகிரியின் மேற்கு உச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அலை அலையாகப் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, சில்லென்ற காற்று. விளம்பரப் படங்களில் பாதி இந்த நிலக்காட்சியைத்தான் காட்டுகின்றன. அங்கே இருப்பது முக்கூர்த்தி தேசியப் பூங்கா, 78.46 சதுர கிலோமீட்டர், வரையாடுகளுக்காகக் காக்கப்படும் நிலம். வனத்துறை அனுமதி இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2022-இல் அபராதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். 'பூங்காவுக்கு உள்ளேயே டென்ட்' என்று ஒரு தனியார் விளம்பரம் சொன்னால், ஒன்று அது பொய். அல்லது உங்களையும் சேர்த்துச் சிக்கவைக்கும் உண்மை.

பெரும்பாலானவர்கள் அப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. "இது பட்டா நிலம் சார், எங்க சொந்த எஸ்டேட்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டென்ட் பட்டா நிலத்தில் நிற்கும். காலை ஆறு மணி ட்ரெக்கிங் வேலியைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் போகும். தங்குவதற்கு ஓர் அனுமதி வேண்டும், நடப்பதற்கு இன்னோர் அனுமதி வேண்டும். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் தந்திரம். வனக்காவலர் வழிமறிக்கும்போது கூட்டிவந்தவர் நழுவிவிடுவார், அபராத ரசீது உங்கள் பெயரில் எழுதப்படும்.

'டென்ட்தானே, கட்டடமா என்ன, இதற்கெல்லாம் லைசென்ஸ் எதற்கு' என்ற வாதமும் செல்லாது. சாகசச் சுற்றுலா நடத்துவோரும் முகாம் சுற்றுலா நடத்துவோரும் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். உள்ளாட்சி உரிமத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முறையாக நடத்துபவர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். மழுப்புகிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

மசினகுடிப் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியை யானை வழித்தடம் என்று தமிழக அரசு 2010-இல் அறிவித்தது. ரிசார்ட் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அரசின் அறிவிப்பை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று அதை உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2018 ஆகஸ்டில், உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் 2021 ஜனவரியில், மசினகுடி அருகே மாவனல்லாவில் ஒரு தங்கும் விடுதிக்குப் பக்கம் வந்த யானைமீது எரியும் துணியை வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்த அந்த யானை இறந்தது. அதே மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம், வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த இளம் பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. பிறகு மாவட்ட நிர்வாகம் அந்த இடத்தை மூடியது. யானை நடக்கும் தடத்தில் துணிக்கூரை போட்டுப் படுக்கவைக்கிறவர் எத்தனை நட்சத்திர மெத்தை போட்டாலும் என்ன?

அடுத்தது காலம். காஞ்சியில் மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவமும் பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவமும் நடக்கும் நாட்கள், மலையில் புல் சருகாகிக் கிடக்கும் நாட்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேறப் போன இரண்டு குழுக்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் தீக்குள் சிக்கின. சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இருக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது. அனுமதி என்றாலே முத்திரையும் லஞ்சமும்தான் என்று நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அனுமதி இருந்தால் எத்தனை பேர், எந்தப் பாதையில், எப்போது திரும்புவார்கள் என்று வனத்துறையிடம் ஒரு பதிவு இருக்கும். தீ பரவும் காலத்தில் அனுமதியே கிடைக்காது. காட்டில் மலையேற்றம் போகிறவர்களைப் பொறுத்தவரை அந்தக் காகிதம் ஒரு பாதுகாப்புச் சாதனம்.

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யலாம், காட்டோரக் கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படும். அந்த இரண்டு மாதத்தில் 'ஃபாரஸ்ட் ட்ரெக்கிங்' என்று யாராவது விளம்பரம் செய்தால், விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.

ஆடிப் பயணத்துக்கு ஆபத்து நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. காஞ்சியில் காற்றடிக்கும் அந்த மாதம் நீலகிரியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சரிவின் விளிம்பிலும் ஓடைக் கரையிலும் போட்ட டென்ட்தான் படத்தில் அழகாக விழும். மண் சரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் போவதும் அதுதான். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு தேதி தருவார்களா என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும். நம் ஊர் வெக்கைக்குப் பழகிய உடம்பு அதற்குத் தயாராக இருக்காது. குளிர் தாங்காமல் பார்பிக்யூ அடுப்பின் கங்குகளை அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ எடுத்துவைத்துத் தூங்குவது இந்தப் பயணங்களிலேயே மிகக் கொடிய தவறு. புகை அடங்கிய கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேயிருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை கனத்து, தூக்கம் அமுக்கி, அப்படியே உயிர் போகும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படி அறைக்குள் அடுப்பை வைத்துத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் இறந்தார்கள். கூடுதல் கம்பளி கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. கங்கு வேண்டாம்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், புதர்க்காட்டில் தங்கிய விஷயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல், கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். உடம்பில் கறுத்த சிறு பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு மடிப்பிலும் பாருங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே தீர்ந்துவிடும்.

இனிப் பணமும் உரிமையும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோடைக் கூட்டத்தின்போது ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற உச்சவரம்பும் வைத்தார்கள். இ-பாஸ் கிடைக்காமல் போனால் ரிசார்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஆகவே பாஸ் முதலில், முன்பணம் பிறகு. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முன்பணம் வாங்கியவர் போனை எடுக்கவே இல்லை, அந்த முகவரியில் ரிசார்ட்டே இல்லை என்றால் அது மோசடி. உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கஷ்டம்.

ரிசார்ட் இருக்கிறது, ஆனால் படத்தில் கண்ட கட்டிலும் கழிப்பறையும் இல்லை. சொன்ன ட்ரெக்கிங் இல்லை. அல்லது அனுமதி இல்லாததால் அதிகாரிகள் நள்ளிரவில் வெளியேற்றினார்கள் என்றால், அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. இல்லாததைக் காட்டி விளம்பரம் செய்வது தனிக் குற்றச்சாட்டு. பில் தர மறுப்பதையும் அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்றே சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே பேசித் தீர்கின்றன. ஏதாவது ஆப் வழியே பதிவு செய்திருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. 'நாங்கள் வெறும் தரகர்' என்ற பதிலோடு விட்டுவிட வேண்டாம்.

அதிலும் தீரவில்லையா? இங்கேதான் பலர் தயங்கி நிற்கிறார்கள். ஊட்டியில் நடந்ததற்கு ஊட்டிக்கா போய் வழக்காடுவது என்று. வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். தறியை விட்டு மலையேற வேண்டாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய சான்று, வாட்ஸ்அப் உரையாடல், அங்கே எடுத்த படங்கள் வேண்டும். விளம்பரத்தைப் போகும் முன்பே சேமித்துவையுங்கள். சண்டை வந்தபின் அது அழிந்துபோயிருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு படிவம் நீட்டுவார்கள். 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று காயம்பட்டவர்கள் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம் நிர்வாகத்தின் கவனக்குறைவைக் கழுவிவிடாது. ஹெல்மெட் இல்லாமல் ஜிப்லைனில் ஏற்றினார்கள், கயிறு இற்றுப்போயிருந்தது என்றால் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். உயிர்ச்சேதம் என்றால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்குப் பதியலாம். ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. விபத்து நடந்த அன்றே 108-ஐ அழைத்துச் சிகிச்சைப் பதிவையும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் ரசீதையும் வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டால், காயம் அங்கேதான் பட்டது என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.

வழக்குச் செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமலே அங்கே இலவச வக்கீல் உண்டு. அதனால் குடும்பமாகப் போகும்போது முன்பதிவையும் பணப் பரிமாற்றத்தையும் வீட்டுப் பெண் ஒருவர் பெயரில் செய்துவைப்பது புத்திசாலித்தனம்.