அடைத்த பல்லும் பத்து ரூபாய் கூல்டிரிங்க்ஸும்

"போன வருஷம்தான் பல்லு அடைச்சேன், அதுக்குள்ள பேந்து வந்துடுச்சு." புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் பண்டசோழநல்லூர் போன்ற ஊர்களில் இப்படிச் சொல்பவர்களின் கோபம் பெரும்பாலும் அடைத்த மருத்துவர் மீதுதான் பாயும். அடைத்த விதத்தில் குறை இருக்கலாம். ஆனால் அடைத்த பிறகு தினமும் என்ன குடித்தோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கோலா பானத்தின் பி.எச். அளவு சுமார் 2.5. பல்லின் எனாமல் கரையத் தொடங்குவது 5.5-க்குக் கீழே. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். மூன்று எண் இறங்கினால் ஆயிரம் மடங்கு. சர்க்கரை இல்லாத 'டயட்' வகையிலும் அமிலம் குறைவதில்லை.

பள்ளிகளில் நடக்கும் பல் மருத்துவ முகாம்களுக்குத் தோதான அடைப்புப் பொருள் கிளாஸ் அயனோமர் சிமெண்ட். லண்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1972-ல் விவரித்தது. கண்ணாடித் தூளை அமிலக் கரைசலில் குழைத்து வைப்பார்கள். டிரில் இயந்திரம் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டுக்கூட அடைக்கலாம். ஃபுளோரைடையும் கசியவிடும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்.

அமிலம்தான் இதற்கு எதிரி. சிமெண்டைப் பிணைத்து நிறுத்தும் கால்சியமும் அலுமினியமும் அமிலத்தில் கழன்று வெளியேற, மேற்பரப்பு சொரசொரப்பாகித் தேய்கிறது. பிரிட்டன் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், இந்தச் சிமெண்டை அதிகம் அரித்தது கோலா அல்ல. ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள். பழ அமிலங்கள் அந்த உலோகங்களைப் பற்றி இழுத்துக் கரைத்துவிடுகின்றன. கோலா கெடுதல் என்று பிள்ளைக்குப் பாக்கெட் ஜூஸ் வாங்கித் தரும் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

நீல ஒளி காட்டி இறுக்கும் பல் நிற கம்போசிட் இவ்வளவு கரையாது. ஆனால் அதன் பிசின் மெல்ல மென்மையாகும், சாயம் ஏறிப் பழுக்கும்.

அடைப்பு உறுதியாக நின்றாலும் சுற்றியுள்ள பல் கரையலாம். அப்போது அடைப்பு மட்டும் திட்டு போல உயர்ந்து நிற்கும். நாக்கால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். அந்த இடுக்கில் சோற்றுத் துணுக்கு தங்கி, அடைப்புக்கு அடியிலேயே மறுபடி சொத்தை விழும். விளிம்பு தட்டுப்பட்டால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எப்படிக் குடிக்கிறோம் என்பது முக்கியம். ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால், அமிலத்தைத் தணிக்க எச்சிலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. குடித்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு குடித்து முடித்து, தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். உடனே பல் துலக்கக் கூடாது. இளகிய எனாமல் பிரஷ்ஷில் தேய்ந்துவிடும். அரை மணி நேரமாவது பொறுங்கள். சிமெண்ட் வைத்த முதல் நாள் இந்தப் புளிப்புப் பானங்கள் எதுவுமே வேண்டாம். தாகத்துக்கு மோர் நல்லது: புளிப்பிருந்தாலும் அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லைக் காக்கும்.

கோரிமேட்டிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ பிள்ளையார்குப்பத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகும்போது, கூல்டிரிங்க்ஸ், ஜூஸ் குடிக்கும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பொருளால் அடைப்பது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த விவரம் தேவை.