புரி கெடாமல் தண்டை அறுத்தல்

நெடுகப் புரி வெட்டிய எஃகுத் தண்டை வேண்டிய அளவுக்குத் துண்டித்தபின் மரை ஏற மறுத்தால், குறை பெரும்பாலும் வெட்டுமுனையின் முதற்புரியில்தான் இருக்கும். எம் 10 தண்டில் புரியிடைத்தூரம் 1.5 மில்லிமீட்டர், பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.92 மில்லிமீட்டர் மட்டுமே. அவ்வளவு குறுகிய வழியில் சிறு பிசிறு நின்றாலும் மரை அதைத் தாண்டாது.

உலோகத்தைத் துகளாக அகற்றுவது வேறு, நெருக்கித் துண்டிப்பது வேறு. கம்பி வெட்டும் பெருங்கத்தரி நெருக்குகிறது. தண்டு பிரியுமுன் நசுங்குகிறது. வெட்டிடம் உளிமுனைபோல் தட்டையாகிப் புரிகளும் உடன் மடிகின்றன. புரித்தண்டுக்கு அதனைக் கொண்டுவரவே கூடாது. தண்டின் புரிக்குப் பொருந்தும் பள்ளங்கள் அமைந்த அச்சுடைய தனிக்கத்தரிகள் உண்டு. அவை முகடுகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுவதால் புரி சிதைவதில்லை. கூரையிலிருந்து குழாய்களைத் தொங்கவிட நாளெல்லாம் தண்டு வெட்டுவோர்க்கு அவையே தக்கவை.

ஒன்றிரண்டு தண்டுகளுக்கு இரும்பறுக்கும் இரம்பம் போதும். ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. இரம்பத்தின் அலகு முகட்டில் நில்லாமல் பள்ளத்துக்குள் வழுக்கும். பள்ளமோ தண்டைச் சுற்றிச் சாய்ந்தோடுகிறது. எம் 10 தண்டில் அச்சாய்வு ஏறத்தாழ 3 பாகை. பள்ளத்தைப் பின்பற்றிய அலகு கோணலாகவே அறுக்கும். ஆதலால் அறுக்குமுன் இரண்டு மரைகளை ஏற்றி, வெட்டவேண்டிய இடத்தை ஒட்டி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுங்கள். வெளிமரையின் முகம் அலகுக்கு நேரான வழிகாட்டியாகும். பிடிகருவியின் தாடைகளும் அம்மரைகளின் பக்கங்களையே கவ்வட்டும். வெறும் தண்டைக் கவ்வினால் முகடுகள் நசுங்கும். அங்குலத்துக்கு 24 அல்லது 32 பற்களுடைய அலகைப் பொருத்தி, பற்கள் முன்னோக்கி இருக்க, முன்தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள்.

மரை தண்டின் இனத்ததாகவே இருத்தல் வேண்டும். 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அங்குலப் புரியின் கோணம் 55 பாகை, மெட்ரிக் புரியின் கோணம் 60 பாகை. பார்வைக்கு ஒத்தவைபோல் தோன்றும் இவ்விரண்டையும் வலிந்து சேர்த்தால் இரண்டும் பாழ்.

அறுத்தபின் உடனே மரையைக் கழற்றவேண்டாம். முதலில் தட்டை அரத்தால் முனையைச் சுற்றி 45 பாகை அளவில், புரியின் அடிப்பள்ளம் வரை சரிவிடுங்கள். முதற்புரியின் மெல்லிய நுனி அப்போது நீங்கிவிடும். பிறகு மரைகளைத் தளர்த்தி வெட்டுமுனை வழியே கழற்றுங்கள். பழுதற்ற புரியில் நிலைகொண்ட மரை உள்ளிருந்து வெளியே வருகையில் மடிந்த விளிம்பை நேராக்கிக்கொண்டே வரும். வெளியிலிருந்து ஏற்றும் மரைக்கு அத்தகைய பிடிமானம் இல்லை. சிதைந்த முனையில் தடம் மாறி ஏறிவிடும். துருப்பிடிக்கா எஃகில் மட்டும் மரையை நம்பிப் பிசிறு நீக்காதீர்கள். ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசிப் பற்றிக்கொள்ளும். பற்றிய மரையை வெட்டித்தான் எடுக்கவேண்டும். அங்கே அரவேலையைச் செம்மையாக முடித்து, எண்ணெயிட்ட பின்னரே மரையை மெல்லத் திருப்புங்கள்.

சுழலும் வெட்டுவட்டு விரைவானது, ஆனால் சூடு மிக்கது. துத்தநாகம் 419 பாகை செல்சியசில் உருகி 907 பாகையில் ஆவியாகிறது. பூசிய தண்டில் எழும் வெண்புகையை மூச்சிழுத்தால் காய்ச்சல் வரும். காற்றோட்டமுள்ள இடத்தில், கண்காப்புடன் அறுங்கள். எந்த முறையில் வெட்டினாலும் வெட்டுமுகத்தில் அப்பூச்சு இராது. ஆதலால் தண்டைப் பொருத்துமுன் அங்கே துத்தநாக வண்ணம் தடவுங்கள்.